கட்டைக்கு இரண்டு சொட்டு

அந்த ரிப்பேர்க்காரி கீபோர்டுப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தாள் என்று உன் நாத்தனார் சொன்னாளா? பொய் வசந்தா. எறியவில்லை, வைத்தாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையாலும் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, படி இறங்கி, இடம் பார்த்து வைத்தாள். எறிந்ததெல்லாம் வாய்தான். அந்த வாயைப் பற்றி உன் நாத்தனார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். நான் அதில் வாங்கிக் கட்டிக்கொண்டவள். ஆனால் அவள் கையைப் பற்றித் தப்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், கொளவாய் ஏரிப் பக்கம் போகிற சந்தில் அவள் வீடு. அவள் பேரை நான் கேட்கவே இல்லை. டீக்கடையில் போய்க் கீபோர்டு ரிப்பேர் எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். கோபக்காரம்மா வீடு எது என்றால் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறவன்கூட முகவாயாலேயே காட்டிவிடுவான். முன்னறையில் ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு, பழைய இட்லித் தட்டு ஒன்று. கழற்றுகிற ஸ்குரூவையெல்லாம் இட்லிக் குழியில் பிரித்துப் பிரித்துப் போடுவாள். ரயில் போனால் தட்டு கடகடவென்று ஆடும். அவள் ரயிலையும் திட்டுவாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? வயதில் மூத்தவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு வார்த்தையைக்கூட விழுங்கமாட்டாள். பாட்டு என்று ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டை கட்டையாக அழுத்துவாள். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அழுத்தி. காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். "பாட்டு எனக்கு எதுக்கு? கட்ட கீழ போவணும், மேல வரணும், போன வேகத்துக்கு சத்தம் குடுக்கணும். அதான் எனக்குத் தெரியும்" என்பாள்.

உன் நாத்தனார் சொன்ன கதைக்கு வருகிறேன். ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம். நானும் என் மருமகள் ரேவதியும் எங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கச்சேரிக்காரன் ஒருத்தன். சுருட்டை முடி, கழுத்தில் கர்ச்சீப்.

"நடுவுல பத்து கட்ட பேசவே மாட்டேங்குதுக்கா. ஈரம் புடிச்சிகிச்சி போல" என்றான்.

அவள் பெட்டியைத் தொடவில்லை. "யாரு கை வெச்சது?"

"யாரும் வெக்கலக்கா. ஈரந்தான்."

மேசைமேல் பேப்பரை விரித்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினாள். என்னென்ன விழுந்தது என்கிறாய்? குங்குமம், பொடிப்பொடியாகக் காய்ந்த சந்தனம், நாலைந்து பொரி, ஒரு சாமந்தி இதழ், ஊதுவத்திச் சாம்பல்.

"இதான் உங்க ஊரு ஈரமா?"

"பூஜ போட்டம்க்கா. சாமிக்கு..."

"சாமி வந்து கேட்டாரா, எனக்குப் பொரிய கட்ட சந்துல போட்டுக் குடுன்னு? அறுபத்தோரு கட்டைக்கும் பொட்டு வெச்சிகிறியே, உன் பொண்டாட்டிக்கு ஒரு பொட்டு வாங்கிக் குடுத்துகிறியா நீ? வருஷத்துக்கு ஒருவாட்டி சாமி பேர சொல்லி எல்லாத்தையும் கொல்லுங்க, அப்பால இங்க தூக்கிகினு வாங்க."

"கோச்சிக்காதக்கா."

"பூஜ போட்டதுக்கு நான் கோச்சிக்கல. ஈரம்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். ஈரந்தான? போயி வெயில்ல காயட்டும்."

அப்போதுதான் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வெயிலில் காயட்டும் என்று கத்தினாள், ஆனால் வேப்பமர நிழலாகப் பார்த்து வைத்தாள். வெயில் பட்டால் கட்டை வளைந்துவிடுமாம், அவளே அப்புறம் சொன்னாள். கச்சேரிக்காரன் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வந்து நின்று, "நான்தாங்க்கா வெச்சேன் பொட்டு. தண்ணி தெளிச்சதும் நான்தான்" என்றான். "தண்ணி வேறயா. உள்ள எட்து வா" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் ரேவதி சிரிக்கவில்லை. என் சிரிப்பும் சீக்கிரம் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

ரேவதிக்கு அம்மா வீடு செங்கல்பட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கீபோர்டு கற்றவள். கல்யாணத்துக்கு அவள் அம்மா பீரோ கொடுக்கவில்லை, கட்டில் கொடுக்கவில்லை, இந்தப் பெட்டியைத்தான் துணி உறை தைத்துக் கொடுத்தாள். மீன் பிடிக்கிற வீட்டுக்குப் பாட்டுப் பெட்டியா என்று நம் குப்பமே சிரித்தது. அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வாரம் மூன்று நாள் பஸ் ஏறிக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குப் போவாள். அங்கே ஒரு வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பிள்ளைகள் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். என் மகன் குமாருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பொண்டாட்டி பஸ்ஸில் போகிறாள், பெரிய வீட்டுக்காரர்கள் அவளை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள், இவனை யார் என்று கேட்கிறார்கள். அந்தக் கடுப்பு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் வீட்டில் இருக்கிற இரும்பையெல்லாம் துடைத்தேன். நமக்குத்தான் தெரியுமே, இந்த உப்புக்காற்றில் தாழ்ப்பாள் இறுகும், சைக்கிள் செயின் இறுகும், கத்தரிக்கோல் வாயைத் திறக்காது. எல்லாவற்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ரேவதி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பெட்டியையும் துடைக்கலாம் என்று உறையைக் கழற்றினேன். ஒரு வெள்ளைக் கட்டை அழுத்தினால் கீழேயே நின்றுவிட்டது, மேலே வரவில்லை. சந்தில் இரண்டு சொட்டு விட்டேன். வழுக்கிக்கொண்டு வந்தது வசந்தா. எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஒன்றுக்கு இவ்வளவு நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லதுதானே? உட்கார்ந்து வரிசையாக விட்டேன். கறுப்புக் கட்டைக்கும் விட்டேன், பாரபட்சம் எதற்கு என்று.

பத்து நாள் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு கட்டை ஊமையானது. ஒன்று மெதுவாகத் தொட்டாலே அலறியது. சிலது ஆடின, அழுத்தினால் டொக்கு டொக்கு என்று மரத்தில் இடிக்கிற சத்தம். ரேவதி உறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். குமார் பிடித்துக்கொண்டான்.

"தோள்ல மாட்டிகினு ஊரூரா சுத்துனா ஒடையாம இன்னா பண்ணும்? ஞாயித்துக்கெழம காயலாங்கடைக்காரன் வருவான், தூக்கிப் போட்டுட்டு வூட்ல கெட. எங்கம்மா ஒண்டியா கஷ்டப்படுது, உனக்குக் கண்ணு தெரியல?"

நான் கஷ்டப்படுகிறேன் என்று எப்போது சொன்னேன்? என் பேரைச் சொல்லித் திட்டுகிறான், நான் அங்கேயே நின்று மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் விட்டதைச் சொல்லவில்லை. நாலு நாள் இப்படித் திட்டினான். நாலு நாளும் கூடையைக் கழுவினேன். வியாழக்கிழமை ரேவதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்று கூடப் போனேன்.

பஸ்ஸில் ரேவதி அவளைப் பற்றிச் சொன்னாள். டவுன்ஷிப்பிலிருந்து ஒரு ஆபீசர் ஒருமுறை பெட்டி கொண்டுபோனாராம். நாலு கட்டை தளர்ந்து பள்ளமாகிவிட்டது, சும்மா வைத்திருந்தோம், யாரும் தொடவில்லை என்றாராம். அவள் கட்டைகள்மேல் அடி ஸ்கேலைப் படுக்க வைத்து, குனிந்து சந்தைப் பார்த்து, "யாரும் தொடலன்னா இந்த நாலு கட்ட மேல யாரு ஏறி நின்னது?" என்றாளாம். அவர், நான் இன்ஜினியர், எனக்குத் தெரியும் என்றாராம். "அப்ப நீயே பண்ணிக்கோ சார், ஸ்குரூ டிரைவர் அங்க கீது" என்று எழுந்து சோறு சாப்பிடப் போய்விட்டாளாம். மனுஷன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, பையன் பரணில் ஏறுவதற்குப் பெட்டிமேல் கால் வைத்தான் என்று சொன்ன பிறகுதான் திறந்தாளாம். கதையைக் கேட்டு நான் சிரித்தேன்.

கச்சேரிக்காரன் பெட்டியைத் துடைத்துக் காயவைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். கட்டையை இடதும் வலதுமாக அசைத்தாள். அழுத்தினாள்.

"ஆடுது, ஆனா சத்தம் வருதுன்னா அது தேய்மானம். ஆடல, சத்தம் இல்லன்னா அழுக்கு. ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா எவனோ கை வெச்சிகிறான்" என்றாள். "யாரு கை வெச்சது?"

"தெரியலக்கா. நான்தான் வாசிக்கிறேன், வேற யாரும் தொட மாட்டாங்க" என்றாள் ரேவதி.

"யம்மா, உனக்கு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் மீன் விக்கிறவ."

அவள் சந்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். உறையை எடுத்துப் பெட்டிமேல் போட்டாள்.

"எட்துகினு கெளம்புங்க."

"அக்கா, ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரரு இத காயலாங்கடைக்குப் போட்டுருவாரு. எனக்குக் கிளாசு கீதுக்கா" என்றாள் ரேவதி. குரல் உடைந்துவிட்டது.

"அத என்னாண்ட ஏன் சொல்ற? தெரிஞ்சவங்களாண்ட சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. இவள் யார் என்னை அப்படிப் பார்க்க? சந்து முனைவரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரேவதி முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பெட்டியின் உறைக் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"நாளைக்கி வரமாட்டேன்னு பசங்களுக்கு போன் பண்ணிச் சொல்லணும் அத்த" என்றாள். "எப்ப வருவேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

கல்பாக்கம் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்தாள். நான் எழவில்லை. அப்புறம் எழுந்தேன், ஆனால் பஸ் பக்கம் போகவில்லை. "பொட்டிய எடு" என்றேன். எங்கே என்று கேட்டாள். நான் கோபக்காரம்மா வீட்டுப் பக்கம் நடந்தேன்.

வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"நான்தாம்மா. எண்ணெ விட்டேன்."

அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ஏன் என்று கேட்கவில்லை.

"எந்த எண்ணெ?"

"தையல் மெஷினுக்கு விடுவமே, அது."

"எத்தினி சொட்டு?"

"கட்டைக்கு ரெண்டு."

"எல்லாக் கட்டைக்குமா?"

"கறுப்புக்கும் சேத்து."

அப்புறம் ஆரம்பித்தாள். அப்பப்பா. "கட்ட ஒட்டிகிச்சின்னா தொடைக்கணும், எண்ணெ விட அது இன்னா தாப்பாளா? மேல விட்ட எண்ணெ எங்க போவும்? கீழ போவும். கீழ ரப்பரு பட்ட கீது, அது எண்ணெய குடிச்சா ஊதிப்பூடும். கட்டைக்கு அடியில மெத்தையா கம்பளி கீது, அது ஊறிப்பூடும், அப்பால கட்ட டொக்கு டொக்குன்னு அடிக்கும். மொதல்லயே வாயத் தொறந்திருந்தா இந்நேரம் பாதி வேல முடிஞ்சிருக்கும். உப்பா, தண்ணியா, எண்ணெயான்னு தெரியாம பிரிச்சா நான் எத ஊத்தித் தொடைப்பேன்? தெரியாத தப்புக்கு மருந்து போட நான் இன்னா ஜோசியக்காரியா?" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கச்சேரிக்காரன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினான்.

திட்டி முடித்து ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, பஞ்சு சுற்றிய குச்சியோடு என் முன்னால் வைத்தாள். "எண்ணெ விட்ட கைதான? நீயே தொடை."

மூன்று பொம்பளைகள் உட்கார்ந்து துடைத்தோம். கட்டைகளையெல்லாம் கழற்றிப் பேப்பரில் அடுக்கியிருந்தாள், பெரிய மீனின் பல் மாதிரி. ஊசி போடுகிற ஆஸ்பத்திரி வாசனை அறை முழுக்க. ஊறிப்போன கம்பளியை உரித்துவிட்டுப் பழைய மப்ளர் ஒன்றைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினாள். தளர்ந்துபோன ஸ்பிரிங்குகளைக் குறடால் ஒவ்வொன்றாக மாற்றினாள். நடுவில் இருந்த ரப்பர் பட்டைதான் ரொம்ப ஊதிப்போயிருந்தது, மற்றது துடைத்ததில் தேறியது. அதைத் துடைத்து இடது கோடிக்கு மாற்றி, அங்கே இருந்த பட்டையை நடுவில் போட்டாள். கோடிக் கட்டையை யாரும் அவ்வளவாக அழுத்தமாட்டார்களாம், அங்கே ரப்பர் புதுசு மாதிரி இருக்குமாம். "இடது பக்கம் கடைசி பத்து கட்ட இனிமே சரியா பேசாது. தெரிஞ்சிகினு வாசி. பசங்களாண்ட மறைக்காத" என்றாள் ரேவதியிடம்.

நான்தான் கேட்டேன், ஏம்மா இவ்வளவு கோபம் என்று. குச்சியைக் கீழே வைக்காமலே சொன்னாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டில் ஈயம் பற்றவைக்கிற வேலை பார்த்தாளாம். ஒருநாள் செய்த போர்டு மொத்தமும் கெட்டுப்போனதாம். மெஷின் சூட்டை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டார்கள். வரிசையாக நின்ற எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வைத்தவனும் தரையைப் பார்த்தான். "கடைசியா கைவெச்சது நானுன்னு என்ன அனுப்பிட்டாங்க. அவன் இன்னும் அங்கதான் கீறான்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. "அந்த மூலையில எண்ணெ நிக்கிது, ஒழுங்கா தொடை" என்று என்னைத் திட்டினாள்.

பஸ்ஸில் ரேவதி என் பக்கத்தில் உட்காராமல் வேறு சீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் குமாரிடம் சொன்னேன். வலையை மடியில் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் எண்ணெய் விட்டேன், அவள் உடைக்கவில்லை என்றேன். அவன் சிரித்தான் வசந்தா.

"எண்ணெதானம்மா. நல்லதுக்குத்தான பண்ண, வுடு."

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. "நாலு நாளா அவள இன்னா சொல்லிகினு இருந்த?"

"அது வேற."

"இன்னா வேற? அதே பொட்டிதான, அதே கட்டதான? அவ பண்ணா காயலாங்கட, நான் பண்ணா சிரிப்பா?"

"ஊரு கேக்கப்போவுதும்மா, கத்தாத."

"கேக்கட்டும். அவளத் திட்டும்போது கேக்கலியா?" வலையைப் பிடுங்கிக் கீழே போட்டேன். "அவளாண்ட சொல்லு."

வலையைப் பார்த்துக்கொண்டே, "சரி, தெரியாம சொல்லிட்டேன்" என்றான். அவ்வளவு பெரிய ஆளுக்குச் சத்தம் கொசு மாதிரி வந்தது.

நான் ரேவதியைத் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மறைக்கமாட்டேன். அவள் கட்டைகளை ஒருமுறை வரிசையாக அழுத்திப் பார்த்து, உறை போட்டு, கயிற்றை முடிந்தாள்.

"அவரு தெரியாம திட்னாரு அத்த. நீங்க தெரிஞ்சிகினே பாத்துகினு இருந்தீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் போய்விட்டு வரட்டுமா என்று ஒரு தடவை என்னையும் ஒரு தடவை அவனையும் கேட்டுத்தான் வாசல் தாண்டுவாள். அன்றைக்குக் கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆறு மணிக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் எந்த நாளும் கேட்கவில்லை. குமார் வாயைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்கும் கோபம் வந்தது, மருமகள் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று. எந்த வாயால் அவளைக் கேட்பேன், சொல்லு. நானும் கூடை எடுத்துக் கழுவப் போனேன், ஏற்கெனவே கழுவின கூடை அது...

இரு, அந்தச் சனியன் பிடித்த காக்காய் பாயில் இறங்கிவிட்டது. கருவாட்டை இன்னும் திருப்பிப் போடவே இல்லை நான்.